லிஃப்ட்டுக்காரர் முன்கூட்டிச் சொன்ன சாட்சி

லிஃப்ட்டுக்காரர் ஜெபம் பண்ண எழுந்தால் சபையில் மைக்கை அணைத்துவிடுவார்கள். அவமரியாதை ஒன்றுமில்லை. அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை, அவ்வளவுதான். மைக்கோடு அவர் ஜெபித்த ஒரே ஒரு நாளில், மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வீறிட்டன. அன்றிலிருந்து மைக்கைக் கவனிக்கிற ஆள், லிஃப்ட்டுக்காரரின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டாலே கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோய்விடுவார்.

ஜெபிக்கிற விதமும் தனிதான். மற்றவர்கள் “உமக்குச் சித்தமானால்”, “கூடுமானால்” என்று சுற்றி வளைப்பார்கள். அந்த வழவழா கொழகொழா அவருக்குப் பிடிக்காது. மோட்டார் கடைக்குப் போய், “ஏதாவது ஒரு மோட்டார் இருந்தால், உங்களுக்கும் மனசிருந்தால்” என்று எவனாவது கேட்பானா? இன்ன அளவு, இன்ன வேகம், இன்ன தேதிக்கு வேண்டும் என்றுதான் கேட்பான். லிஃப்ட்டுக்காரர் ஆண்டவரிடமும் அப்படித்தான் கேட்டார்.

“ஆண்டவரே, அந்த ஆறு மாடிக் கட்டிட வேலை எனக்கு வேணும். அதுக்கு எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரி வேலையும் வேணும். நல்ல இரும்புக் கயிறா கிடைக்கணும், போன தடவை மாதிரி பிசிறு விடக் கூடாது. ஸ்தோத்திரம்.”

கேட்டார், கிடைத்தது. கிடைத்த அடுத்த ஞாயிறே எழுந்து நின்று சாட்சி சொல்வார். அந்தச் சபையில் அது ஒரு வழக்கம். ஜெபத்துக்குப் பதில் வந்தவர்கள் ஆராதனை நடுவில் எழுந்து, இன்னது கேட்டேன், இன்னது நடந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்லி நன்றி செலுத்துவார்கள். லிஃப்ட்டுக்காரர் அளவுக்குச் சாட்சி சொன்ன ஆள் அங்கே இல்லை. “எழுதிக் குடுத்த மாதிரி வந்துச்சு” என்று முடிப்பார். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே. தன் கையை ஊன்றி எழுந்தவன் நெஞ்சு நிமிர்த்தாமல் வேறு யார் நிமிர்த்துவது?

அவர் எழுந்த விதம் அப்படி. பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு பாதியில் இருக்கும்போதே படிப்பு நின்றுபோனது. லிஃப்ட் கம்பெனியின் கிடங்கில் கிரீஸ் டப்பா தூக்கப் போனார். அங்கே ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மொட்டைமாடி அறையில் மோட்டார் சுற்றும்போது பெரிய மெக்கானிக்குகள் ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார்கள். உள்ளே குண்டுகள் உருளுகிற சத்தத்தை வைத்தே பேரிங் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வார்கள். அவர் அதைப் பார்த்தார். யாரும் இல்லாத நேரத்தில் தானும் வைத்துக் கேட்டார். கேட்டுக் கேட்டே தொழிலைப் பிடித்தார். கடைசியில் அந்தப் பெரிய மெக்கானிக்குகளே இவரைக் கூப்பிட்டு, “நீ ஒரு தடவை காதை வச்சுப் பாருப்பா” என்று கேட்கிற நிலை வந்தது. இன்று அவர் சட்டைப் பையில் சொந்தக் கம்பெனியின் பெயர் தைத்திருக்கிறது. “பேரிங் மூச்சு விடுறதே எனக்குக் கேக்கும்” என்பார். பெருமைதான். ஆனால் பொய்யில்லை, அந்தக் காலத்தில்.

கல்யாணமும் காது வழியாகத்தான் நடந்தது. ஒரு ஞாயிறு காலை ஒரு கட்டிடத்தின் உச்சியில் தனியாக பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தினார். நிறுத்தியதும் ஜன்னல் வழியாக ஒரு பெண்குரல் வந்தது. பக்கத்துச் சபையில் பாட்டை எடுத்துக் கொடுக்கிற குரல். அவர் பிரேக்கைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, சபையின் கடைசி பெஞ்சில் கிரீஸ் சட்டையோடு உட்கார்ந்தார். அதுவரை அவருக்குக் கடவுளோடு பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் குரல் வழியாகத்தான் கர்த்தரிடம் வந்தார், பெண் வீட்டாரிடமும் போனார். பெண்ணின் அப்பா, “பையன் என்ன படிச்சிருக்கான்?” என்று கேட்டபோது, “படிக்கல. ஆனா உங்க வீட்டு ஃபேன்ல ஒரு பேரிங் போயிருச்சு, கேக்குதா?” என்றார். அவர் சொன்னது சரியாக இருந்தது.

அதனால்தான், பல வருஷம் கழித்து மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்து அதை அறுத்து எடுத்தபோது, கட்டி கெட்டதில்லை என்று டாக்டர் சொன்ன நல்ல செய்தியை அவரால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. கட்டி போனது. கூடவே குரலும் போனது. மயக்கம் தெளிந்து அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, காற்று வந்தது.

“தொண்டைக்குள்ள ரெண்டு தசை ஒண்ணோடொண்ணு சேர்ந்தாத்தான் சத்தம் வரும். ஒண்ணு இப்ப அசையாம இருக்கு. சில மாசத்துல திரும்பலாம். கொஞ்சமா திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்” என்றார் டாக்டர்.

“எந்தத் தேதிக்குத் திரும்பும்?” என்று கேட்டார் லிஃப்ட்டுக்காரர்.

டாக்டர் அவரைப் பார்த்தார். “அதை நான் சொல்ல முடியாதுங்க.”

“சரி. சொல்றவர்கிட்ட கேட்டுக்கிறேன்.”

கேட்டார். வழக்கம்போல அளவு சொல்லிக் கேட்டார். அதே குரல், அதே கனம், அதே உச்சம். தேதியும் சொன்னார். ஆண்டு முடிவில் சபையில் ஒரு நன்றி ஆராதனை நடக்கும். அன்றைக்கு முதல் பாட்டை அவர் மனைவிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்டதோடு விட்டாரா? அதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தார். மைக் அணைந்தது.

“என் வீட்டுக்காரிக்குக் குரல் வந்துடுச்சுன்னு ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்!”

சபை திரும்பி அவர் மனைவியைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இன்னும் வரல,” என்றார் லிஃப்ட்டுக்காரர், “ஆனா வந்தாச்சு. நான் கேட்டுட்டேன். கேட்டா கிடைச்ச மாதிரிதான். நன்றி ஆராதனைக்கு முதல் பாட்டு அவதான் பாடுவா. எல்லாரும் பார்க்கத்தான் போறீங்க. நான் முன்கூட்டியே சாட்சி சொல்லிட்டேன், ஆமென்!”

நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். போதகர் இளவயதுக்காரர். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் முன்னால் நின்று ஏதோ சொன்னாள். உதடு வேகமாக அசைந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“சிரமப்படுத்திக்காதம்மா. வந்த பிறகு பேசிக்கலாம்” என்றார்.

அவளோடு வந்திருந்த தங்கை அப்படி விடுகிற ஆளில்லை. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், கீழ் மாடியில் குடியிருக்கிறவள். தெரு முழுக்க ஹாரன் அடித்துப் பழகிய வாய்.

“அக்கா என்ன சொல்றான்னு நான் சொல்லட்டுமா அத்தான்? ‘யாரைக் கேட்டுச் சொன்னீங்க’ன்னு கேக்கிறா. தொண்டை அவளோடது. சாட்சி உங்களோடதா?”

“விசுவாசம் இருக்கிறவன் சொல்லுவான்.”

“ஆண்டவருக்கே டெலிவரி தேதி குறிச்சுக் குடுக்கிறீங்க. அவரென்ன உங்களுக்குக் கயிறு சப்ளை பண்ற ஆளா?”

“கயிறுக்காரன் ஏமாத்துவான். அவர் ஏமாத்த மாட்டார்.”

“ஏமாத்த மாட்டார் சரி. உங்க தேதிக்கு வராட்டி அக்கா முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?”

அந்தக் கேள்வி லிஃப்ட்டுக்காரருக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வேலை போகும் வரும். பேச்சு போனால் திரும்பாது. ஊர் முன்னால் சொன்ன பேச்சு அவருடையது மட்டுமில்லை, ஆண்டவர் பெயரையும் சேர்த்துச் சொன்னது.

அதன்பின் அவர் ஜெபம் நீண்டது. காலையில் எழுந்ததும், வண்டியில் போகும்போது, மொட்டைமாடி அறையில், சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால். அதே வேண்டுதலைத் திரும்பத் திரும்பத் தட்டினார். இதில் ஒரு வேடிக்கை. அவர் கம்பெனி பராமரிக்கிற கட்டிடங்களில், கீழே லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் பொத்தானை டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் அதைப் பார்த்தால் பொறுக்க மாட்டார். “ஒரு தடவை அமுக்கினா போதும்! லைட் எரியுதுல்ல? நீங்க நிக்கிறது அதுக்குத் தெரியும். பத்துத் தடவை குத்தினா பத்து லிஃப்ட்டா வரும்?” என்று பெரிய மனிதர்களையும் அதட்டுவார். அந்த அதட்டலுக்கும் தன் ஜெபத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்குத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியது. அவள் சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

மாதங்கள் போயின. வீட்டில் அவள் குரல் வந்ததாக அவருக்குத் தெரியவில்லை. அவள் வாய் அசையும், இவர் காதைச் சாய்ப்பார், காற்றுகூட எட்டாது. ஆனால் சபையில் ஒரு விநோதம் நடந்தது. பெண்கள் கூட்டத்துக்குப் போய்வரும் தையற்காரம்மா ஒரு நாள் வழியில் அவரை நிறுத்தினார்.

“அண்ணே, நேத்து அக்கா ஜெபம் பண்ணினாங்க. எங்க எல்லாருக்கும் கண்ணு நிறைஞ்சிடுச்சு.”

“மனசுக்குள்ளயா?”

“என்னண்ணே கேக்கிறீங்க? வாய் விட்டுத்தான். மெல்லிசாத்தான் வருது. நாங்க மூச்சுக்கூட விடாம கேட்டோம். உங்க சாட்சி வீண்போகலண்ணே!”

லிஃப்ட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். வயதான ஆளின் மானத்தைக் காப்பாற்ற நினைக்கிற நல்ல பெண். பிறகு போதகரும் அதையே சொன்னார். கடைத்தெருவில் இன்னொருவரும் சொன்னார். அவருக்கு ஆறுதல் போய் எரிச்சல் வந்தது. நேராக வீட்டுக்கு வந்தார்.

“ஏம்மா, உனக்குக் குரல் வந்துடுச்சா?”

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஏதோ சொன்னாள்.

“எங்கே, பேசு.”

பேசினாள். உதட்டைப் பார்த்தார். அவள் கழுத்தில் அறுத்த தழும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். சத்தம் இல்லை.

“நீயும் எனக்காகச் சேர்ந்து நடிக்கிறியா?” என்றார்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றோடு அவர் வாய் விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். சபைக்குப் போனார், உட்கார்ந்தார், எழுந்து வந்தார். மைக்காரருக்கு வேலை குறைந்தது. போதகர் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க ஜெபம் இல்லாம சபை என்னமோ மாதிரி இருக்கு.”

“பாஸ்டர், நான் ஒரு பொருள் கேட்டேன். வரலைன்னா வரலைன்னு சொல்லிடணும். வந்த மாதிரி ஊரே நடிக்கிறதுதான் தாங்கல. என் காதுல விழாத குரல் எப்படி பாஸ்டர் வந்த குரல் ஆகும்?”

போதகர் படித்த இடத்தில் இந்தக் கேள்வி வந்ததில்லை போலிருக்கிறது. “ஆண்டவர் கேட்டிருக்கிறார், அது மட்டும் எனக்குத் தெரியும் ஐயா” என்றார். லிஃப்ட்டுக்காரர், “அவருக்குக் கேட்டு என்ன பண்றது, எனக்குல்ல கேக்கணும்” என்று எழுந்து போய்விட்டார்.

நன்றி ஆராதனை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு பழைய குடியிருப்பிலிருந்து புகார் வந்தது. மேல்மாடியில் தனியாக இருக்கிற ஒரு அம்மா, மோட்டார் அறையிலிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது, தலை வலிக்கிறது என்றார். தலைமை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்காரரே போனார். மோட்டாரை ஓடவிட்டார்கள். அவர் ஸ்குரூடிரைவரைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடினார்.

“நல்லாத்தான் இருக்கு. பால் மாதிரி ஓடுது.”

கதவோரம் நின்ற அம்மா, “என்னங்க சொல்றீங்க? பூனையை மிதிச்ச மாதிரி கத்துதே, இங்க நிக்கிற எனக்கே கேக்குதே!” என்றார்.

“அம்மா, இந்தத் தொழில்ல என் தலை நரைச்சிருக்கு. பேரிங் மூச்சு விடுறதே எனக்கு…”

சொல்லிக்கொண்டே திரும்பினார். மெக்கானிக் அவர் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

“உனக்குக் கேக்குதா?”

“கேக்குதுண்ணே.”

“எப்ப இருந்து?”

மெக்கானிக் மோட்டாரை நிறுத்தினான். “எதைக் கேக்கிறீங்க அண்ணே? பேரிங்கையா, உங்க காதையா?”

அந்த அம்மா நாகரிகம் தெரிந்தவர். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

“நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போற மோட்டாரை எல்லாம் நான் மறுபடி வந்து பார்த்துடுவேண்ணே. ரொம்ப நாளா அப்படித்தான். கெட்ட சத்தம் எல்லாம் மெல்லிசாத்தான் வரும். அது உங்களுக்கு விழறதில்லை. தடிச்ச சத்தம் நல்லா விழுது. நாம கத்திப் பேசுற ஆளுங்க, அதனால வெளியே தெரியல.”

“ஏன்டா சொல்லல?”

“உங்ககிட்டயா? காதைப் பத்தியா?” என்றான் மெக்கானிக். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

லிஃப்ட்டுக்காரர் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். வேறு ஒருவனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். அவருக்கு அந்த நேரத்தில் பேரிங்கும் ஞாபகமில்லை, மானமும் ஞாபகமில்லை. தையற்காரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. மடித்து வைத்த துணி ஞாபகம் வந்தது.

“நீ எங்க வீட்டுக்குச் சாவி வாங்க வந்தியே. எங்க வீட்டுக்காரி பேசினாளா?”

“டீ குடிச்சிட்டுப் போன்னாங்க.”

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேக்காமலா? குடிச்சிட்டுத்தானே போனேன்.”

காது பார்க்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சிறிய அறையில் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். லிஃப்ட்டுக்காரர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் கப்பல் ஊதுவது மாதிரி ஒரு சத்தம். அமுக்கினார். இன்னொன்று. அமுக்கினார். பிறகு அமைதி. காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ திருகிக்கொண்டிருந்தாள்.

“எப்பம்மா மறுபடி ஆரம்பிப்பே?” என்று கத்தினார்.

அவள் கதவைத் திறந்தாள். “நான் நிறுத்தவே இல்லை ஐயா. விட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

அவர் கையிலிருந்த பொத்தானைப் பார்த்தார். வாழ்க்கை முழுக்கப் பொத்தான்களோடு பழகிய ஆள்.

மோட்டார் அறைச் சத்தத்தில் இத்தனை வருஷம் நின்றால் மெல்லிய ஒலிகளைப் பிடிக்கிற நரம்பு தேய்ந்துபோகும் என்று அவள் விளக்கினாள். ரகசியம் பேசுவது, காற்றுக் குரலில் பேசுவது, இதெல்லாம் முதலில் போகும். ஒரு கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். மாட்டியதும் அவர் முதலில் கேட்டது தன் சட்டை உரசுகிற சத்தம். அப்படி ஒரு சத்தம் உலகத்தில் இருப்பதையே அவர் மறந்திருந்தார்.

“எப்படி இருக்கு ஐயா?”

“நல்லா…” என்று தொடங்கியவர் திடுக்கிட்டு நிறுத்தினார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கத்துவது மாதிரி இருந்தது. “இது என் குரலா?”

“உங்க குரல்தான்.”

“இவ்வளவு சத்தமாவா பேசுறேன்?” என்றார், பாதிச் சத்தத்தில்.

சின்னப் பெண் சிரிப்பை அடக்கினாள். அதுவே பதில்.

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தாமல் இருந்தது. மனைவி சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வேலை செய்யும்போது ஜெபிப்பது அவள் பழக்கம். கண்ணை மூடமாட்டாள், முழங்காலில் நிற்கமாட்டாள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசிக்கொண்டிருப்பாள். லிஃப்ட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

பட்டாணி பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அதன் நடுவே, தேய்ந்த, கரகரத்த, காற்றுக் கலந்த ஒரு குரல்.

“…தங்கச்சி வேன்ல பிரேக் சரியில்லைங்கிறா, பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறா, பார்த்துக்கோங்க ஆண்டவரே. எதிர் வீட்டுல அந்தப் பொண்ணுக்குப் பிரசவ நேரம். இவரு இப்பல்லாம் சரியா சாப்பிடறதில்லை, சபையிலயும் வாயைத் திறக்கிறதில்லை. நான் நடிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. நினைக்கட்டும், நீங்க இருக்கீங்க…”

பழைய குரல் இல்லை அது. ஜன்னல் வழியாக வந்து பிரேக்கைக் கையிலேயே நிறுத்திய அந்தக் குரலின் நிழல்கூட இல்லை. ஆனால் யார் குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

“ஏம்மா” என்றார்.

அவள் திரும்பினாள். அவர் காதைப் பார்த்தாள். கையிலிருந்த பட்டாணியைக் கீழே வைத்தாள்.

“கடைசியில மாட்டிட்டீங்களா?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நீங்க டிவி வைக்கிற சத்தத்துல எதிர் வீட்டுக்காரங்க தனியா டிவியே வாங்கல. எனக்குத் தெரியாதா?”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன். நல்லா குரல் இருக்கும்போதே சொன்னேன். ‘என் காதா? பேரிங் மூச்சு விடுறதே கேக்கும்’னீங்க. இனிமே இந்த மனுஷன்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“தினமுமா?”

“எதுக்குத் தினமும்? ஒரு தடவை சொன்னேன்” என்றாள் அவள். “லைட் எரிஞ்சிடுச்சு. நின்னேன்.”

லிஃப்ட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து ஒரு பட்டாணியை எடுத்து உரித்தார். காதில் அது வெடி மாதிரி உடைந்தது.

“நடிக்கிறேன்னு சொன்னது…”

“அது இருக்கட்டும். முத்தல் எல்லாம் தனியா போடுங்க.”

கொஞ்ச நேரம் உரித்தார்கள்.

“பாட்டு?” என்றார்.

“பாட்டு இல்லை. டாக்டர் சொல்லிட்டாரு. பேச்சு இந்த அளவுக்கு நிக்கும், உச்சத்துக்குப் போகாது.”

“நான் கேட்டது அது.”

“தெரியும். ஊருக்கே தெரியும்.”

நன்றி ஆராதனை அன்று சபை நிறைந்திருந்தது. முதல் பாட்டை வேறொரு பெண் எடுத்துக் கொடுத்தாள். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. லிஃப்ட்டுக்காரரின் மனைவி எல்லாரோடும் சேர்ந்து உதட்டை அசைத்தாள். நாலைந்து பேர் ஓரக்கண்ணால் லிஃப்ட்டுக்காரரைப் பார்த்தார்கள். மைத்துனி பின்னாலிருந்து, “அத்தான், வாயை வச்சுக்கிட்டு சும்மா உட்காருங்க” என்று முணுமுணுத்தாள். இப்போது அதுவும் அவருக்குக் கேட்டது.

சாட்சி நேரம் வந்தது. நாற்காலி நகர்ந்தது. மைக்காரரின் கை பொத்தானுக்குப் போனது.

லிஃப்ட்டுக்காரர் எழுந்து நின்று, “ஆண்டவரே” என்று தொடங்கினார். அந்த ஒரு வார்த்தை அவர் காதுக்குள் இடி மாதிரி இறங்கியது. நிறுத்தினார். குரலைத் தணித்தார். இன்னும் இடித்தது. மறுபடி தணித்தார். பின்வரிசையில் யாரோ, “கேக்கல” என்றார்கள். மைக்காரர் திகைத்துப்போய், அணைத்த மைக்கை மறுபடி போட்டு, ஓடிவந்து அவர் முன்னால் பிடித்தார். லிஃப்ட்டுக்காரர் அதைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

“ஆண்டவரே,” என்றார், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோல. “இவளுக்குப் பாட்டு வேணும்னு கேட்டேன். வரல. வந்துடும்னு இங்கயே நின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுல நான் சொன்ன தேதி தப்பு, உம்மை நம்பிச் சொன்னது தப்பில்லை. எனக்குக் காது கிடைச்சிருக்கு. நான் அதைக் கேக்கல, அவ கேட்டிருக்கா. பாட்டுக்குப் பதிலா இது போதும்னு சொல்ல மாட்டேன், எனக்கு அந்தக் குரல் வேணும். ஆனா நான் சொன்னது உமக்கு விழுந்திருச்சு. அதனால திரும்பத் திரும்பச் சொல்லல. ஆமென்.”

உட்கார்ந்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று தெரியாமல் பாதிச் சபை விழித்தது. முன்வரிசைகள் சொன்னபிறகு பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. மடியில் தூங்கிய குழந்தைகள் அசையவில்லை.

மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே கேக்கலங்க” என்றாள்.

“அவங்ககிட்டயா ஜெபம் பண்ணினேன்?” என்றார் லிஃப்ட்டுக்காரர்.